காப்பி என்று சொன்ன இடம்

என் அம்மா வாழ்நாளில் என்னிடம் கேட்டது ஆறடி இடம். அதுவும் எங்கேயோ ஓரிடம் இல்லை. அப்பாவுக்கு இடப்பக்கம், ஒன்பது மாதக் குழந்தையாகப் போய்விட்ட என் அக்காவுக்கு அடுத்தாற்போல். புடவைகூட அவளாக வாய் திறந்து கேட்டதில்லை. கேட்ட ஒன்றையும் கொடுக்க முடியாதபடி ஆக்கி வைத்தவன் நான். அதை யார் மீதாவது தள்ளிவிடலாமா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

இப்போது ஏரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சாவி கொடுப்பது, ஆதார் அட்டையைப் படம் எடுத்து வைப்பது, வெந்நீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவது, இவைதான் வேலை. ஏற்காட்டை ஏழைகளின் ஊட்டி என்பார்கள். இந்தப் பெயரை வைத்தவரை ஒரு சனிக்கிழமை என் மேசையில் உட்கார வைக்க வேண்டும். ஏழை யாரும் அறை எடுத்துத் தங்கி நான் பார்த்ததில்லை. இங்கிருக்கும் ஏழைகள் அறையைக் கூட்டுகிறவர்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "இங்க பாக்கறதுக்கு என்ன சார் இருக்கு?" ஏரி, படகு, அந்த முனை, இந்த முனை என்று சொல்லி அனுப்பிவிடலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. முப்பத்தொரு வருடம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன், பேச ஆள் கிடைத்தால் விடுவேனா? நீங்கள் நிற்பது கிழக்குத் தொடர்ச்சி மலை என்று ஆரம்பிப்பேன். தொடர்ச்சி என்று பெயர்தான், அது எங்கேயும் தொடராது. சேர்வராயன் இங்கே, கல்வராயன் அங்கே, கொல்லிமலை தெற்கே, நடுநடுவே வெயில் காயும் சமவெளி. மேற்கு மலை சுவர். எங்களுடையது திட்டுத் திட்டாகக் கிடப்பது. ஒவ்வொரு திட்டிலும் மேலே ஏறி வந்தவர்கள் கீழே இருக்க முடியாமல் வந்தவர்கள் என்பேன். அதற்குள் அவர்கள் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள்.

மேலே முதலில் வந்தவர்கள் மலைக்காரர்கள். மலையாளி என்று அவர்களுக்குப் பெயர். கேரளாவா என்று கேட்பார்கள் என்பதால், கேட்கும் முன்பே இல்லை என்று சொல்லிவிடுவது என் வழக்கம். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாக வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டதாக அவர்களே கதை சொல்வார்கள். எத்தனை தலைமுறை என்று அவர்களுக்கே கணக்கில்லை. சாமை, தினை போட்டார்கள், பலா வைத்தார்கள், சேர்வராயனைக் குகைக்குள் வைத்துக் கும்பிட்டார்கள். அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். குளிர் பிடித்துப்போய்க் காப்பியும் ஆரஞ்சும் நட்டான், பங்களா கட்டினான், பள்ளிக்கூடமும் சர்ச்சும் கட்டினான். நட்ட காப்பியைப் பறிக்கக் குனிய வேண்டுமே, அதற்கு ஆள் வேண்டும். மலைக்காரர்கள் தங்கள் காட்டை விட்டுவிட்டு முழுநேரமும் இன்னொருவன் காட்டில் குனிய ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கங்காணிகள் கீழே போய் எங்கள் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். பஞ்சத்துக்கு வந்தவர்கள், பண்ணையாருக்குப் பயந்து வந்தவர்கள், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். எங்கள் பாட்டன் இதில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது.

உயிரோடு இருப்பவர்களுக்கு மலையில் இடம் இருந்தது. மலைக்காரருக்கு ஊர், துரைக்குப் பங்களா, எங்களுக்கு லைன் ஊடு, ஒரே கூரைக்குக் கீழ் பத்துக் கதவு. செத்தவர்கள் விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. துரைமார் செத்தால் சர்ச் தோட்டத்தில் கல் செதுக்கிப் புதைத்தார்கள். அந்தக் கற்கள் இன்றைக்கும் இருக்கின்றன, சுற்றுலா வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். மலைக்காரர்கள் தங்கள் ஊருக்கு வெளியே தங்கள் பங்காளிகளோடு புதைத்தார்கள், தலைமாட்டில் ஒரு கல்லை நட்டார்கள். எங்கள் ஆட்கள் எஸ்டேட்டுக்குள், ஓடைக்கு மேலே ஒரு சரிவில் புதைத்தார்கள். கேட்டுப் புதைத்தார்களா, கேட்காமல் புதைத்தார்களா என்பது யாருக்கும் தெரியாது.

எப்போதோ ஒரு மேனேஜர் அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு, நல்ல மண் வீணாகிறது, இனிமேல் இங்கே புதைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறான். எங்கள் ஆட்கள் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் லைன் ஊட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அதனால் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு குழி மேலும் தலைமாட்டில் ஒரு காப்பிச் செடியை நட்டார்கள். காப்பி இருக்கும் இடத்தை வீண் என்று எவனும் சொல்ல முடியாதல்லவா? செடி வளர்ந்துவிட்டால் அங்கே மண்வெட்டி போடவும் முடியாது, மிதித்து நடக்கவும் முடியாது. மேனேஜர் அடுத்த முறை வந்தபோது சரிவு முழுக்க நாற்று நின்றது. பேசாமல் போய்விட்டானாம். எங்கள் லைனில் இதை ஒரு வெற்றிக் கதையாகத்தான் சொல்வார்கள். நானும் சிறுவயதில் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

அப்போதிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யாராவது செத்தால் நர்சரி நாற்றை நடமாட்டார்கள். அந்தக் குடும்பத்தில் முன்னால் போனவரின் செடிக்கு அடியில் பழம் விழுந்து தானாக முளைத்த கன்று இருக்கும், அதைப் பிடுங்கி நடுவார்கள். என் அப்பாவின் செடி அவருடைய அப்பாவின் செடியிலிருந்து வந்தது. அந்தச் செடிகளில் யாரும் பழம் பறிக்க மாட்டார்கள், கவாத்தும் செய்ய மாட்டார்கள். பறவையும் மரநாயும் தின்றது போக மீதி கீழே விழும். பங்குனியில் ஒரு மழை பெய்து மற்ற காப்பியெல்லாம் வெள்ளையாகப் பூக்கும்போது அந்தச் சரிவும் பூக்கும். அந்த ஒரு வாரம் எங்கள் லைன் முழுக்க வாசனை வரும். அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, "உங்கப்பன் வந்துட்டாரு" என்பாள்.

இதோடு இன்னொரு பழக்கமும் கூடவே வந்தது. வெளியாள் யார் வந்து அந்தச் சரிவில் என்ன இருக்கிறது என்று கேட்டாலும் காப்பி என்றுதான் சொல்ல வேண்டும். சுடுகாடு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தால் மறுபடியும் யாராவது உத்தரவு போட்டுவிடுவார்கள் என்ற பயம். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும்போதே இதையும் சேர்த்து ஊட்டிவிடுவார்கள். எனக்கும் ஊட்டினார்கள்.

லைன் ஊட்டுப் பிள்ளைகளில் முதன்முதலாக ரைட்டர் ஆனவன் நான். பத்தாவது தேறி, கையெழுத்து நன்றாக இருந்ததால் கிடைத்த வேலை. அந்த நாளிலிருந்து எனக்குத் தலைக்கனம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். எந்தச் சரிவில் எத்தனை செடி, எங்கே நிழல் மரம் விழுந்தது, எங்கே தண்டு துளைக்கும் வண்டு வந்தது என்று எல்லாம் என் நோட்டில் இருக்கும். அந்தச் சரிவையும் காப்பி என்றே வருடா வருடம் எழுதினேன். எழுதும்போது ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நம்முடைய இடத்தை நம்மில் ஒருவனே காப்பாற்றுகிறான் என்ற நினைப்பு.

எஸ்டேட்டை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த வருடம், அளப்பதற்கு ஒரு சர்வேயரை அனுப்பினார்கள். முக்காலியில் கருவியை வைத்துக்கொண்டு நல்ல பொறுமையாக வேலை செய்த மனிதர். அவரோடு காடு காடாக நடந்து இது எது, அது எது என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு. மூன்றாம் நாள் ஓடையைத் தாண்டி அந்தச் சரிவுக்கு வந்தோம். அவர் நின்று பார்த்தார்.

"இங்க என்ன போட்டிருக்கீங்க?"

"காப்பிங்க" என்றேன்.

"நேர் கோட்டுல இல்லாம தாறுமாறா நிக்குதே. மேடு மேடா வேற இருக்கு."

அந்த இடத்தில் ஒரு நொடி இருந்தது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் கெட்ட மனிதரில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்லியிருந்தால் தாளில் ஒரு குறி போட்டிருப்பார், அது எல்லா நகலிலும் போயிருக்கும். விற்கும் நேரத்தில் சுடுகாடு இருப்பது தெரிந்தால் அதை முதலில் அழித்துவிடுவார்கள் என்று தோன்றியது. என் அப்பாவின் செடி நாலடி தூரத்தில் நின்றது.

"பழைய நடவுங்க. அந்தக் காலத்துல அப்படித்தானுங்க நடுவாங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நாங்கள் அடுத்த சரிவுக்குப் போனோம். சாயந்திரம் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் என் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

எஸ்டேட் விற்றது. வாங்கியவர்கள் கீழே இருப்பவர்கள், காப்பி குடிப்பதைத் தவிர அதைப் பற்றி அவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மனை பிரித்து வீடு கட்டி விற்கப்போகிறார்கள். லைனில் இருந்தவர்களுக்கு ஏதோ கொடுத்து அனுப்பினார்கள். சிலர் திருப்பூர் போனார்கள், சிலர் சேலம். என் மனைவியும் மகளும் ஏற்கெனவே சேலத்தில்தான் இருந்தார்கள், மகளுக்குத் துணிக்கடையில் வேலை. கீழே வந்துவிடுங்கள் என்று மகள் கூப்பிட்டாள். அம்மா வரமாட்டேன் என்றாள். அவளுக்குப் புழுக்கம் ஒரு காரணம், பெரிய காரணம் அந்தச் சரிவு. ஏற்காட்டிலேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். லைன் ஊட்டை இடிக்கும் நாளில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

அம்மா அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை, இதை மட்டும் கேட்டாள். காலையில் காப்பியைக் கொடுத்தால் அதை ஊதிக்கொண்டே கேட்பாள். "புது மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டியா கண்ணு? எனக்கு எடம் வேணுமுன்னு?"

"சொல்றேம்மா."

"உங்கப்பனுக்கு எடப்பக்கம். வலப்பக்கம் அவரோட தங்கச்சி கெடக்குறா. அவ வாயாடி, அவகிட்ட என்னைப் போட்டுறாதே."

கடைசியில் ஒரு நாள் பஸ் பிடித்துப் போனேன். கொட்டச்சேட்டைத் தாண்டி இறங்கி நடந்தால், நான் முப்பத்தொரு வருடம் உள்ளே போய் வந்த வழியில் ஒரு பெரிய கேட். வாட்ச்மேன் என் பெயரை எழுதச் சொன்னான். எழுதினேன். உள்ளே தகரக் கொட்டகையில் ஓர் ஆபீஸ், ஓர் இளைஞர். மரியாதையான பையன், நாற்காலி போட்டான். நான் விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் வரைபடத்தை விரித்துக் காட்டினான்.

"அப்படி எதுவும் இதுல இல்லைங்களே சார். காப்பின்னுதான் இருக்கு."

"அப்படிச் சொன்னது நான்தாங்க."

"நீங்களேவா?"

"நானேதாங்க."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் கோபம் வந்து மனது லேசாகியிருக்கும். தாலுகா ஆபீஸில் பழைய பதிவில் மயானம் என்று ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றான். இருக்காது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்று கேட்டேன். கார் நிறுத்தும் இடம் என்றான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ஓடைக்கு மேலே மண் அள்ளும் எந்திரம் நின்றுகொண்டிருந்தது. சரிவின் கீழ்ப் பாதியில் செடி இருந்தது. மேல் பாதியில், அப்பாவும் அக்காவும் இருந்த பக்கத்தில், வெறும் செம்மண். தோண்டும்போது ஏதாவது கிடைத்ததா என்று கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவன் என்ன பதில் சொல்வானோ என்று பயந்து கேட்கவில்லை.

தாலுகா ஆபீஸுக்கும் போனேன். எதிர்பார்த்ததுதான். சாட்சிக்கு ஆள் இருந்தால் மனு கொடுங்கள் என்றார்கள். லைனில் இருந்தவர்களுக்குப் போன் போட்டேன். சிலர் எடுத்தார்கள். "விடுங்க ரைட்டரு, போனது போச்சு" என்றார்கள். ஒருவர் மட்டும், "நானே மேனேஜருங்க நாலு பேருகிட்டக் காப்பின்னு சொல்லியிருக்கறனே, இப்ப என்னன்னு வந்து மாத்திச் சொல்றது" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதற்கப்புறம் பக்கத்து மலைக்காரர் ஊருக்குப் போனேன். ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். பறிப்புக் காலத்தில் ஆள் போதாமல் போனால் அவர்தான் ஊரிலிருந்து ஆள் அனுப்புவார். களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்து டீ போடச் சொன்னார். நான் பூசி மெழுகாமல் கேட்டுவிட்டேன். உங்கள் இடத்தில் என் அம்மாவுக்கு ஓர் ஓரம் கொடுக்க முடியுமா என்று.

அவர் மிளகைக் கையால் கிளறிக்கொண்டே இருந்தார். "ரைட்டரு, ஊடு கட்ட எடங் கேட்டீங்கன்னாக்கூட ஏதோ ஒரு வழி பாத்துப்போடலாம். இது என் கையில இல்லீங்க. அங்க கெடக்கறவங்க பூராம் பங்காளிங்க. ஊரு கூடி ஒத்துக்கோணும். ஒத்துக்க மாட்டாங்க."

"அம்மா ஒருத்திதாங்க."

"தெரியுதுங்க. உங்க அம்மா நல்லவங்க. எங்க ஊட்டுக்காரி போனப்ப வந்து அழுதவங்க." மிளகிலிருந்து ஒரு காம்பைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க, சொல்லிப்போடறேன். கீழேருந்து வந்தவங்ககிட்ட நாங்க நொம்ப எடத்த உட்டுட்டமுங்க. மரத்தக் குத்தகைக்குக் கேப்பாங்க, அப்பறம் மரம் நிக்கிற எடம் அவங்களுதும்பாங்க. இன்னைக்கு ஒரு பொணத்துக்கு எடங் குடுத்தா நாளைக்கு அதை வச்சுப் பாத்தியம் வந்துருமோன்னு பொடுசுங்க பயப்படறாங்க."

நான் கீழேயிருந்து வந்தவன் இல்லை, இங்கேயே பிறந்தவன் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவரைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவர் கணக்கில் என் பாட்டன் நேற்று வந்தவர்.

டீ வந்தது. குடித்தோம். எழுந்திருக்கும்போது அவர் சொன்னார்: "நாங்க கல்லு நட்டோம். உங்காளுங்க செடி நட்டாங்க. ஆளுக்கொரு கல்லப் போட்டிருந்தாக்கூட எவனாச்சும் என்னான்னு கேட்டிருப்பானுங்க." குத்திக்காட்டச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்குத்தான் பஸ் வரும்வரை காதில் அது இரைந்துகொண்டே இருந்தது.

அன்றைக்கு அறைக்குத் திரும்பும்போது அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கதவைத் திறந்தால் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றும் முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"போனியா சாமி? என்ன சொன்னாங்க?"

"செரின்னுட்டாங்கம்மா" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. பழகின வாய், வெளியாளிடம் சொல்லிச் சொல்லிப் பழகினது, அம்மாவிடமும் சொல்லிவிட்டது. அவள் பூண்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். யாரை என்று தெரியவில்லை, சேர்வராயனையா, புது முதலாளியையா. அன்றைக்கு ராகிக் களி இரண்டு உருண்டை சாப்பிட்டாள். பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டு, "எம் பையன் எனக்கு எடம் வாங்கிட்டான்" என்று சொன்னாள். அந்தப் பெண் மனை வாங்கியிருக்கிறோம் என்று நினைத்து என்னிடம் எத்தனை சென்ட் என்று கேட்டாள்.

அதன் பிறகு அவளுக்கு ஒரே ஏற்பாடு. "குழிய ஒரு மொழம் தள்ளி வெட்டச் சொல்லு. அவரு செடி வேரு அந்தாண்ட ஓடியிருக்கும். உங்கக்கா பாப்பா மேல மண்வெட்டி பட்டுறப்போவுது, நீ பக்கத்துல நின்னு பாரு." இன்னொரு நாள், "கன்னு அப்பன் செடிக்கடியில முளைச்சிருக்கும், நல்லதாப் பாத்துப் புடுங்கு. வேரு மடங்காம நடு." இன்னொரு நாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் சாதாரணமாக, "எனக்கு அந்தாண்டப் பக்கத்த யாருக்கும் உட்டுக் குடுத்துறாத. அது உனக்கு" என்றாள்.

எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினேன். பொய் ஒன்றுதான், அதற்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. ஒரு தடவை அந்த இடத்தைப் போய்ப் பார்த்து வரலாம், கூட்டிப்போ என்றாள். வழியில் மரம் விழுந்து கிடக்கிறது என்றேன். பின்னொரு தடவை காட்டெருமை நடமாட்டம் என்றேன். அவளும் நம்பினாள். மலையில் இரண்டும் நடக்கிற காரியம்தான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்துத் தினமும் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையைக் கார்த்திகையிலிருந்து நிறுத்திவிட்டாள். எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். நான் கண்டுபிடித்துக் கத்தியபோது சிரித்தாள். "எடந்தான் ஆயிருச்சே கண்ணு. இனி எதுக்கு இழுத்துக்கிட்டு." அந்தப் பேச்சை நான் எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இடம் இல்லை என்று தெரிந்திருந்தால், கிடைக்கும்வரை அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள். பிடிவாதக்காரி. என் பொய்தான் அவளை விட்டுவிடச் சொன்னது.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். விடிந்து காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கூப்பிட்டேன். கையைத் தொட்டேன். அந்தக் காப்பியை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

மனைவியும் மகளும் முதல் பஸ்ஸில் ஏறி வந்தார்கள். லைன் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், மஞ்சக்குட்டையிலிருந்து, வாழவந்தியிலிருந்து, சேலத்திலிருந்துகூட. அம்மாவோடு பழம் பறித்த ஒரு கிழவி என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "நம்ம எடத்துக்குத்தான சாமி? கெடச்சிருச்சுன்னு உங்கம்மா போன்ல சொல்லுச்சே."

"இல்லீங்க பெரியம்மா" என்றேன். எல்லாருக்கும் கேட்டது. வண்டி முச்சந்தியில் எஸ்டேட்டுக்குப் போகும் இடதுபுறம் திரும்பாமல் நேரே பொதுச் சுடுகாட்டுக்குப் போனது. நான் உள்ளே அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். இடதுபுறம் திரும்பும் வழியை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்து, புடவையை இழுத்து முகத்தை மூடினேன்.

குழியை ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தார்கள். இடப்பக்கம் ஒரு மேடு, யாரோ. வலப்பக்கம் காலி. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு சுடுகாட்டுக்காரரிடம் போனேன்.

"இந்தப் பக்கத்து எடத்த எனக்கு உட்டு வெக்க முடியுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். இதைக் கேட்கிற முதல் ஆள் நானில்லை போலிருக்கிறது. "அப்படியெல்லாம் வெக்கறதில்லீங்க. வர்றபடிதானுங்க."

"ஒரு செடியாச்சும் நட்டுக்கறேன்."

"செடி வேண்டாமுங்க. வேரு போச்சுன்னா அடுத்த வாட்டி வெட்ட வராது."

அடுத்த வாட்டி என்றால் என்ன என்று கேட்டேன். சில வருடம் போனால் அதே குழியைத் திரும்ப வெட்டுவோம், இருக்கிற இடம் இவ்வளவுதான் என்றார். அப்போதுதான் நான் அழுதேன். வீட்டில் அழவில்லை, மண் போடும்போதும் அழவில்லை. அவர் சங்கடப்பட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனேன். செம்பு நிறையப் பாலும் கொஞ்சம் பூவும். அம்மாவுக்கு வலப்பக்கத்தில் புது மேடு இருந்தது. மாலை இல்லை, ஊதுபத்தி இல்லை. யார் என்று சுடுகாட்டுக்காரரிடம் கேட்டேன். வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்தவன், உங்கள் பழைய எஸ்டேட்டில் வீடு கட்டுகிறார்களே அங்கேதான், சாரம் சரிந்து விழுந்துவிட்டான், ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை என்று கூட இருந்த பையன்கள் நாலு பேர் நேற்றுக் கொண்டு வந்தார்கள் என்றார். பெயர் கேட்டேன். அவருக்கு வாயில் நுழையவில்லை.

இந்த மலைக்கு வந்து குனிந்தவர்களில் அவன் கடைசி ஆள். எங்கள் பாட்டனைப் போலத்தான் யாரோ கூட்டி வந்திருப்பார்கள். அதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தும், அவன் படுத்திருந்த இடம் என்னுடையது என்ற எண்ணம்தான் எனக்கு இருந்தது. அம்மாவின் மேட்டில் பாலை ஊற்றினேன், பூவைப் போட்டேன். செம்பில் இன்னும் கால்வாசி இருந்தது. அதை அந்தப் பக்கம் ஊற்றியிருக்கலாம், அவனுக்கு ஊற்ற வேறு யாரும் வரப்போவதில்லை. நான் ஊற்றவில்லை. மிச்சத்தையும் அம்மாவுக்கே ஊற்றிவிட்டு, செம்பைக் கவிழ்த்து உதறிவிட்டு வந்துவிட்டேன்.